வாசித்துக் காட்ட வந்தவர்

படத்தில் வருகிறவர் மேசையில் ஓங்கி ஒரு அடி அடிக்கிறார். மைப்போத்தல் துள்ளி விழுகிறது. எங்கள் வீட்டு மேல் அறையில் இருந்த மனிதர் ஒருநாளும் மேசையில் அடித்தவர் இல்லை. அவர் தட்டினது கதவுகளைத்தான். அதுவும் மெல்ல, விரல் முட்டியால், உள்ளுக்கு இருக்கிற ஆள் ஓடிவந்து திறக்கப்போய்க் குழம்பு அடிப்பிடித்துவிடக் கூடாது என்கிற மாதிரி.

இதை நான் சொல்லச் சகானா சிரித்தாள். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் குசினி மேசையில் லாப்டொப்பை வைத்து, தான் எடுத்த படத்தை எனக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நடத்தி, துவக்கு வைத்திருந்த எந்தப் பக்கத்துக்கும் தலை குனியாத ஆசிரியரின் கதையை முழுப் படமாக எடுத்திருக்கிறாள்.

"அவர் கோவப்பட்டாத்தானே அன்ரி சனத்துக்கு விளங்கும்?"

"கோவம் இருந்தது பிள்ளை. அதை நாலாய் மடிச்சுச் சேட் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருப்பார்."

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன் பெயரைக் கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டுத் தேடுகிற அளவில் போட்டவருக்கு அது பிடிக்காது. நாங்கள் பேப்பர் அண்ணை என்றுதான் சொல்லுவோம். அவர் காலமாகிக் கன வருசம்.

சகானா அன்றைக்கு என்னிடம் வந்தது படம் காட்ட மட்டுமில்லை. பேப்பர் அண்ணையின் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்த்தவர் ஒருவர் இருந்தார். ஒருநாள் பின்னேரம் முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்கள் அவரைக் கொண்டுபோனார்கள். பிறகு திரும்பி வரவில்லை. படத்தில் பாதி அவரைப் பற்றியது. அவருடைய மனைவி லண்டனின் மற்றப் பக்கம், ஃபாரஸ்ட் கேட் என்கிற இடத்தில் மகளோடு இருக்கிறா. சகானா போன் எடுத்தால் மகள்தான் எடுப்பாளாம். "அம்மா கதைக்கமாட்டா" என்று வைத்துவிடுவாளாம்.

"லோயர் பேர் போடாதபடியால் பிரச்சினை இல்லை எண்டுறார் அன்ரி. ஆனா இப்பிடிப்பட்ட ஆசிரியரைப் பற்றி எடுத்துப்போட்டு, அவவுக்குக் காட்டாமல் ஊருக்குக் காட்ட ஏலுமோ? அவ வேண்டாம் எண்டால் அந்தப் பாதியை வெட்டிடுவன். வெம்பிளியிலை ஹோலும் எடுத்தாச்சு. பாதிப் படத்தோடை என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. நீங்கள் ஒருக்கா வாறியளோ?"

நான் படித்தது எட்டாம் வகுப்பு. தேவாரப் புத்தகத்தையும் கடைச் சாமான் லேபலையும் தவிர நான் பெரிதாக வாசிப்பதில்லை. இருந்தாலும் அவள் ஏன் என்னைக் கூப்பிட்டாள் என்று விளங்கியது. பேப்பர் அண்ணைக்கு வருசக் கணக்காகச் சோறு போட்டவள் நான்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு பையும் ஒரு குடையும்தான். பகலில் பெற்றோல் செற்றில் வேலை. சனி ஞாயிறில் மேல் அறையில் இருந்து நாலு பக்கத்தில் ஒரு தமிழ்ப் பேப்பர் செய்து, தானே கொண்டுபோய்க் கடைகளில் வைப்பார். பொக்கற்றில் இரண்டு பேனை, ஒன்று சிவப்பு. பிளேன்ரீயைச் சீனி போடாமல் வாங்கி, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்பார். சாமி கும்பிடமாட்டார். ஆனால் நான் விளக்கேற்றித் தேவாரம் படிக்கிற நேரம் மேலே ரேடியோச் சத்தம் நின்றுவிடும். ஒருநாளும் நான் கேட்டு அது நடந்ததில்லை.

அவருடைய வழக்கம் ஒன்றுதான் ஊருக்கெல்லாம் தெரியும். யாரைப் பற்றியாவது குறையாக எழுதினால், அதை அச்சுக்குக் கொடுக்க முன்னம் அந்த ஆளிடமே கொண்டுபோவார். கதவைத் தட்டுவார். "உங்களைப் பற்றி எழுதியிருக்கிறன். ஒருக்கா வாசிச்சுக் காட்டிப்போட்டுப் போறன்" என்பார். வாசிப்பார். கேட்கிறவர் இன்ன விசயம் பிழை என்று காட்டினால், அந்த இடத்திலேயே சிவப்புப் பேனையால் வெட்டுவார். கோபம் மட்டும் வந்தால் ஒரு எழுத்தும் வெட்டமாட்டார்.

எங்கள் வீட்டுக்காரருக்கும் அது நடந்தது. இவர் அப்போது சின்னதாய் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒரு புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பேப்பர் அண்ணை கீழே வந்தார். மீன் குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டு வாய் வைத்துவிட்டு, இடக்கையால் பொக்கற்றில் இருந்த தாளை எடுத்தார்.

"தம்பி, இது உங்களுக்குத்தான்."

தமிழ்க் கடைகளில் திகதி முடிந்த சாமான் விற்கிறார்கள் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் எங்கள் கடையின் பெயர், தேங்காய்ப்பால் ரின் அடுக்கியிருந்த தட்டு, எல்லாம் இருந்தது. இவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ரை கதிரையிலை இருந்து, என்ரை மனிசி வைச்ச குழம்பைத் திண்டுகொண்டு, எனக்கே எழுதிக்கொண்டு வந்திருக்கிறியள்!"

"குழம்பு நல்லாயிருக்கு. வேணுமெண்டால் அதையும் ஒரு வரி சேர்க்கிறன்."

"அறையை விட்டுப் போங்கோ எண்டு சொன்னால் என்ன செய்வியள்?"

"போவன் தம்பி. சோறு முடியட்டும். ரின்னிலை திகதி முடிஞ்சது பொய்யோ?"

இவர் தன் தட்டில் மீன் முள்ளைத் தேடத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். அடுத்த நாள் விடியவே இவர் கடைக்குப் போய்த் தட்டு முழுவதையும் காலியாக்கினார். பேப்பர் வந்தபோது கடைப் பெயர் அப்படியே இருந்தது. கோபத்தில் கிழிப்பார் என்று பார்த்தேன். இவர் அதைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். "எங்கடை வீட்டிலை இருக்கிற மனிசன் எழுதினது. இப்ப ஒவ்வொரு ரின்னையும் பிரட்டிப் பாருங்கோ, ஒண்டு பழசெண்டால் கடையைப் பூட்டுறன்." அன்றைக்குப் பிறகுதான் அந்தக் கடைக்கு நல்ல பெயர் வந்தது.

கோயில் நிர்வாகத்தைப் பற்றி எழுதினபோது நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால் நின்றேன். அண்ணை பூசை முடியும் மட்டும் வெளியே சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் காத்து நின்று, தலைவர் வர வாசித்துக் காட்டினார். கூட்டம் கூடிவிட்டது.

"கும்பிட வராத ஆளுக்குக் கோயில் கணக்கு என்னத்துக்கு?" என்றார் தலைவர்.

"கும்பிட வாறவை கேக்கப் பயப்பிடுகினம். அதுதான் நான் வாசல் மட்டும் வந்தனான்."

முருகா, இந்த மனிசன் உன்னைக் கும்பிடவில்லை, ஆனால் உன் வாசலில் நின்று பொய் சொல்லவும் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்த பொதுக்கூட்டத்தில் முதல் முதலாகப் பெண்கள் எழும்பிக் கேள்வி கேட்டோம். நானும் கேட்டேன்.

ஊரில் அவர் செய்தது இதையெல்லாம் விடப் பெரியது. படமும் அதைப் பற்றித்தான். அவர் எழுதின தலையங்கத்தில் பாசிசம் என்ற சொல் இருந்தது. எனக்கு அது விளங்காமல் ஒருநாள் கேட்டேன்.

"எல்லாரும் ஒரே நேரத்திலை கைதட்ட வேணும் எண்டுறது, தங்கச்சி. தட்டாத ஆளின்ரை கையை முறிக்கிறது. அவ்வளவுதான்."

"இதுக்கு ஏன் அண்ணை இவ்வளவு கஷ்டமான சொல்லு?"

"லேசான சொல்லுப் போட்டால் அது எங்களிலை இல்லை எண்டு நினைச்சிடுவினம்."

ஷெல் அடித்து ஊரைப் பொசுக்கிக்கொண்டிருந்த ஆமிக்கும், மாற்றிப் பேசினவர்களின் வாயை அடைத்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்து ஆயுதக்காரருக்கும், இரண்டு பேருக்கும் அந்தச் சொல் பொருந்தும் என்று ஒரே தலையங்கத்தில் எழுதியிருந்தார். எழுதினால் சும்மா இருக்க மாட்டாரே. காலமை ஆமிக் காம்புக்குப் போயிருக்கிறார்.

அங்கே பொறுப்பாய் இருந்த ஆமிப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. சிங்களம் தெரிந்த பேக்கரிக்காரர் ஒருவரை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனாராம். அண்ணை ஒரு வரி வாசிக்க, பேக்கரிக்காரர் நடுங்கி நடுங்கி ஒன்றைச் சொல்ல, பெரியவரின் முகத்தில் சிரிப்பு வந்ததாம். இன்னொரு வரி வாசிக்க, பிஸ்கட் தட்டு வந்ததாம்.

"ஷெல்லடி எண்டு வாசிக்கிறன், தங்கச்சி, அந்தாள் பிஸ்கட் தாறான்! 'டேய் நீ என்னடா சொன்னனி' எண்டு கேட்டன். 'ஐயா, நீங்கள் றோட்டு நல்லாத் துப்புரவாயிருக்கெண்டு எழுதியிருக்கிறியள் எண்டு சொன்னனான்' எண்டான். பாவம், பிள்ளை குட்டிக்காரன்."

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பில் கண்ணீர் வரும். பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலிசில் தானே சொன்னாராம். பிஸ்கட் தட்டு திரும்பிப் போய்விட்டதாம். இதை ஏன் என்னிடம் வந்து சொல்லுகிறாய் என்று பெரியவர் கேட்டிருக்கிறார். "நாளைக்கு ஆரோ இரண்டு சேர்த்து உங்களுக்குச் சொல்லுவினம். என்ரை வாயாலை கேளுங்கோ" என்றிருக்கிறார்.

மத்தியானத்துக்குப் பிறகு மற்றப் பக்கத்திடம் போனார். அதைப் பற்றி அவர் சிரித்துச் சொன்னதில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அங்கே இருந்த பொறுப்பாளர், "அண்ணை, இதைப் போடாதேங்கோ" என்றாராம்.

"தம்பி, நான் வாசிச்சுக் காட்ட வந்தனான். கேக்க வரேல்லை."

அவர் சைக்கிளில் அச்சுக்கூடத்துக்குத் திரும்பி வர முன்னம், எழுத்துக் கோர்த்தவரைக் கொண்டுபோய்விட்டார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. கோர்த்தது பாதியில் கிடந்ததாம். மிச்சத்தைப் பேப்பர் அண்ணை தானே கோர்த்தார். அவருக்கு அந்த வேலை வராது. எழுத்துகள் தலைகீழாகவும் இடம் மாறியும் கிடக்க, அந்தப் பேப்பர் வெளியே வந்தது. சனம் அதை எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி வாசித்ததாம். பிறகு அவர் ஊரில் இருக்க முடியாமல் போயிற்று.

நல்லதை மட்டும் எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஆகையால் இதையும் எழுதுகிறேன். அவர் போய் வாசிக்காமல் விட்டிருந்தால் அந்த மனிதர் இன்றைக்கு இருந்திருப்பார் என்று சொல்லுகிறவர்கள் இருந்தார்கள். லண்டனிலும் சொன்னார்கள், அவர் முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள். ஒருநாள் எங்கள் வீட்டுக்காரரும் சொன்னார். பேப்பர் அண்ணை மறுத்துப் பேசவில்லை. "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார். அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை. தட்டை மூடிப் படியில் வைத்தேன்.

ஒவ்வொரு வருசமும் பொங்கல் கழிந்து ஒரு நாள், சேட்டைச் சுருக்கம் போக மினுக்கிப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவார். பொக்கற்றில் மடித்த தாள் இருக்கும். ரெயின் மாறி மாறிப் போய், பின்னேரம் வாடிப்போய்த் திரும்பி வருவார்.

"எங்கை அண்ணை போட்டு வாறியள்?"

"ஃபாரஸ்ட் கேட்டுக்கு. ஒரு ஆளுக்கு வாசிச்சுக் காட்ட வேணும்."

"ஆள் இல்லையோ?"

"ஆள் இருக்கு. கதவு திறக்கேல்லை."

"பிறகென்ன, தபாலிலை போடுங்கோவன். இல்லாட்டிப் பேப்பரிலை போடுங்கோ."

"அது அப்பிடிப் போடுற விசயமில்லை, தங்கச்சி."

கடைசி வருசம் நடக்க முடியாமல் இருந்தும் போனார். இவர்தான் ஸ்ரேசன் மட்டும் காரில் விட்டார்.

சகானாவோடு நான் போனது அந்தக் கதவுக்குத்தான். மகள் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு என்ன நினைத்தாளோ, உள்ளே விட்டாள். அந்த அக்கா யன்னலோரம் கதிரையில் இருந்தா. மெலிந்த உடம்பு. நெற்றியில் குங்குமம். சுவரில் இளந்தாரி ஒருவரின் படம் பெரிதாக்கி மாட்டியிருந்தது. படத்துக்கு மாலை இல்லை. முன்னால் விளக்கும் இல்லை. சகானா படத்தைத்தான் பார்த்தாள். நான் குங்குமத்தையும் பார்த்தேன்.

"அக்கா, பேப்பர் அண்ணை எங்கடை வீட்டிலைதான் இருந்தவர்" என்றேன்.

"தெரியும். நீங்கள் மினுக்கிக் குடுத்த சேட்டெல்லாம் எனக்குத் தெரியும்."

"அவரே மினுக்குவார், அக்கா."

"அதுதான் பின்பக்கம் சுருங்கிக் கிடந்தது" என்றா. முதல் தடவையாக முகம் கொஞ்சம் இளகியது. "போடு பிள்ளை, பாப்பம்."

சகானா லாப்டொப்பைத் திறந்து படத்தைப் போட்டாள். அக்கா முன்னுக்குச் சாய்ந்து பார்த்தா. பிஸ்கட் தட்டு வந்த இடத்தில் மகள் சிரித்தாள். பிறகு அச்சுக்கூடம் வந்தது. எழுத்துக் கோர்க்கிறவராக நடித்த பெடியன் ஆசிரியரின் கையைப் பிடித்து, "போகாதேங்கோ ஐயா, எனக்குப் பிள்ளை இருக்கு" என்று அழுதான்.

"நிப்பாட்டு" என்றா அக்கா. "என்ரை மனிசனை ஏன் பிள்ளை கெஞ்ச வைச்சனி?"

சகானா படத்தை நிறுத்தினாள்.

"அண்டைக்கு மத்தியானம் ஆசிரியர்தான் மற்றப் பக்கத்திட்டைப் போகாமல் விடுவமோ எண்டு நிண்டவர். 'உனக்குப் பிள்ளை இருக்கு, இந்த ஒருக்கா மட்டும் வாசிக்காமல் போடுவம்' எண்டவர். நான் சாப்பாடு கொண்டுபோன இடத்திலை என்ரை காதாலை கேட்டனான். இவர் சொன்னார், 'வாசிச்சுக் காட்டாத தலையங்கத்தைக் கோக்க எனக்குத் தெரியாது. வேறை ஆளைப் பாருங்கோ' எண்டு. அதுக்குப் பிறகுதான் அந்த மனிசன் சைக்கிளை எடுத்தது."

 எங்கள் வீட்டுக்காரர் குற்றம் சொன்ன அன்றைக்கும் பேப்பர் அண்ணை இதைச் சொல்லவில்லையே. போகச் சொன்னது எழுத்துக் கோர்த்தவர்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தன் பாரம் பாதி குறைந்திருக்கும். "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனவர்.

"அதை மாத்திறன், அன்ரி. திரும்ப எடுக்கிறன்" என்றாள் சகானா.

"மாத்து. மிச்சத்தையும் போடு."

படத்தின் கடைசியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அவர் கொண்டுசெல்லப்பட்டார், கொல்லப்பட்டார் என்று இருந்தது. அக்கா ஒவ்வொரு எழுத்தாக வாசித்தா. பிறகு கையை நீட்டி, கொதிக்கிற சட்டியை மூடுகிற மாதிரி, லாப்டொப்பை மெல்ல மூடினா.

"உனக்கு ஆர் சொன்னது?"

"எல்லாரும்... அப்பிடித்தானே அன்ரி..."

"அதைத்தான் ஆசிரியரும் வருசா வருசம் எழுதிக்கொண்டு வந்தவர். எனக்குத் தெரியும் அதிலை என்ன இருந்ததெண்டு. மேல் யன்னலாலை பாத்துக்கொண்டு நிப்பன். தட்டுவார். கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா. பிறகு உந்த முன் மதிலிலை இருப்பார். ஒருக்கா நல்ல மழை. குடையை விட்டிட்டு வந்திட்டார். ஒரு குடை குடுப்பம் எண்டு மனம் அடிச்சது. குடுக்கிறதெண்டால் கதவைத் திறக்க வேணுமே."

"ஏன் அக்கா திறக்கேல்லை?" என்று கேட்டேன்.

"அவற்றை வழக்கம் தெரியாதோ உங்களுக்கு? வாசிச்சுக் காட்டாமல் அந்த மனிசன் ஒண்டும் போடாது. நான் திறந்தால் வாசிப்பார். வாசிச்சால் பேப்பரிலை வரும். வந்தால் என்ரை மனிசன் செத்தவர்." அக்கா குங்குமத்தைத் தொடவில்லை, ஆனால் கை அந்தப் பக்கம் போய்த் திரும்பியது. "நான் திறக்கமாட்டன் எண்டு அவருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் வந்தவர். கடைசி வரைக்கும் போடேல்லை. நீயும் போடாதை, பிள்ளை."

சகானா அழுதுகொண்டே தலையாட்டினாள். "அப்ப நான் என்ன போட அன்ரி?"

"கோத்தது பாதியிலை கிடந்தது எண்டு போடு. அது உண்மை."

ரெயினில் திரும்பி வரும்போது ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் கடைக்காரர் கோபித்தும் போட்டவர். கோயில் தலைவர் எதிர்த்தும் போட்டவர். துவக்கு வைத்திருந்தவர்கள் போடாதே என்றபோது கேக்க வரேல்லை என்று சொல்லிவிட்டு வந்தவர். ஒரு பெண்ணின் மூடின கதவுக்கு முன்னால் மட்டும் மழையில் இருந்து பார்த்துவிட்டு, தாளைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எத்தனையோ பெரிய மனிதர்களை மேடையில் பார்த்திருக்கிறேன். எங்கள் மேல் அறையில் இருந்த மனிதர் போல ஒருவரை நான் பார்க்கவில்லை. முருகன் என்னை அவருக்குச் சோறு போட வைத்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டேன், ரெயினுக்குள்ளேயே.

வெம்பிளியில் ஹோல் நிறைந்துவிட்டது. அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தா. "வேறை ஆளைப் பாருங்கோ" என்று அந்தப் பெடியன் தலையை நிமிர்த்திச் சொன்னபோது சனம் எழும்பிக் கைதட்டியது. அக்கா தட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா, எனக்கு விரல் நொந்தது.

கடைசியில் திரை கறுத்தது. கோர்த்தது பாதியில் கிடந்தது என்று ஒரு வரி வந்து நின்றது. வேறொன்றும் வரவில்லை. லைற் போட்டார்கள். சனம் தேத்தண்ணிக்கும் றோல்ஸுக்கும் வெளியே போகத் தொடங்கியது. பின்னால் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் குறைப்பட்டார்.

"பிறகு அந்தாளுக்கு என்ன நடந்ததெண்டு சொல்லாமலே முடிச்சுப்போட்டினம், என்னப்பா?"

அக்கா திரும்பிப் பார்த்தா.

"முடியேல்லை, தம்பி" என்றா.

பிறகு முன்னால் திரும்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அப்படியே இருந்தா. நானும் எழும்பவில்லை.